ஊர்பேர் தெரியாத பேனா

பழைய மைப்பேனா ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது நிப்பைத்தான். நிப்பில் ஏதாவது எழுத்துப் பொறித்திருந்தால் அதுவே பேனாவின் பெயர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 'வாரண்டட் 14 கேரட்' என்ற நிப்போடு வரும் பேனாவை 'வாரண்டட் பேனா' என்றே சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அந்தப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனி இருந்ததில்லை. தங்கத்தின் மாற்று 14 கேரட் என்பதற்கு நிப் செய்தவர் கொடுக்கும் உறுதி அது. பேனாவைச் செய்தவர் யார், விற்றவர் யார் என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

பெரிய பெயர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. பார்க்கர் கம்பெனி 1930களின் நடுவிலிருந்து 1950கள் வரை பல மாதிரிகளின் உடலில் ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பொறித்தது; காலாண்டைக் குறிக்கச் சிறு புள்ளிகளையும் சேர்த்தது. இலண்டனில் 1905இல் தொடங்கிய கான்வே ஸ்டுவர்ட் தன் பேனாக்களின் மேல் மாதிரி எண்ணைப் போட்டது. ஸ்வான் பேனாக்களைச் செய்த மேபி டாட், பின்னாளைய மாதிரிகளில் மை நிரப்பும் முறை, நிப்பின் அளவு, நிறம் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்குள் அடக்கியது. அந்தக் குறியீடு '/60' என்று முடிந்தால் பேனா கருப்பு. இவற்றுக்கெல்லாம் விலைப்பட்டியல்கள் உண்டு, விளம்பரங்கள் உண்டு, நூல்கள் உண்டு. பரணிலும் இழுப்பறையிலும் நமக்குக் கிடைக்கும் பேனாக்களில் பல இந்த வரிசையில் சேராதவை. உடலில் எழுத்தே இருக்காது. இருந்தாலும் தேய்ந்து ஓர் எழுத்தின் வால் மட்டும் தெரியும்.

இதற்குக் காரணம் அந்தத் தொழில் நடந்த விதம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எழுதுபொருள் கடைகளும் பெரிய பல்பொருள் அங்காடிகளும் தங்கள் பெயரிலேயே பேனா விற்க விரும்பின. பேனா செய்யத் தெரிந்த தொழிற்சாலைகள் அவர்களுக்குச் செய்து கொடுத்தன. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து வைவெர்ன், இலண்டன் ஹாக்னியில் இருந்த மென்ட்மோர் ஆகியவை தங்கள் பெயரிலும் பிறர் பெயரிலும் பேனா செய்தவை. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் வட்டாரத்தில் பேனாத் தொழில் செறிந்திருந்தது. காவெக்கோ அங்கே பிறந்தது, லாமியும் 1930இல் அங்கேதான் தொடங்கியது. நிப்பை ஒருவர் அடிப்பார், கிளிப்பை வேறொருவர் வெட்டுவார், எபோனைட் தண்டு மூன்றாவது இடத்திலிருந்து வரும், எல்லாவற்றையும் சேர்த்துக் கோப்பவர் நான்காமவர். இப்படிப் பிறந்த பேனாவை யார் செய்தது என்று கேட்டால் ஒற்றைப் பெயரில் பதில் வராது. ஆகவே நான் கைக்கொள்ளும் முறை வழக்கத்துக்கு நேர்மாறானது: நிப்பைக் கடைசியாகப் படிக்க வேண்டும். பேனாவில் முதலில் கெட்டுப்போவதும், எளிதில் கழற்றி மாற்றப்படுவதும், பணமுடை வந்தால் தங்கத்துக்காக விற்கப்படுவதும் நிப்தான். உடலும் நிப்பும் ஒன்றாகப் பிறந்தவை என்று உடல் சாட்சி சொன்னால்தான் நிப்பின் சாட்சி செல்லும்.

உடலில் முதல் கேள்வி, அது எதனால் ஆனது என்பது. அடையாளம் காண மட்டும் இந்தக் கேள்வி அல்ல, பேனாவின் உயிரே இதில் இருக்கிறது. மூன்று பழைய பொருள்களைப் பிரித்தறியத் தெரியாதவர் பழைய பேனாவைத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்து வேகவைத்துக் கடினப்படுத்திய ரப்பர். எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கும். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்தால் தீக்குச்சியை நினைவூட்டும் வாடை வரும். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள கந்தகத்தை மெல்ல மெல்ல அமிலமாக்குவதால், கருப்பு மங்கி ஆலிவ் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அது மறைத்திருந்த மரைப் பகுதி மட்டும் பிறந்த நாளின் கருப்போடு இருக்கும். உடலின் மற்ற பகுதி பழுப்பேறியிருக்கும். அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தாலே பொருள் எபோனைட் என்று சொல்லிவிடலாம். மூடியின் உள்வாய்க்கும் அந்தக் கோட்டுக்கும் பொருத்தம் இல்லையென்றால் மூடி வேறு பேனாவுடையது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இத்தகைய பேனாவை வெந்நீரில் ஊறவைத்தால், பல பத்தாண்டுகளில் நடந்த நிறமாற்றம் சில நிமிடங்களில் மேலும் முற்றும். அதிலும் வேதனையானது, அதுவரை கருப்பாகத் தெரிந்த பேனா கூடத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது திட்டுத்திட்டாகப் பழுத்திருக்கும்.

செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸும் கற்பூரமும் கலந்தது. பழைய சினிமாச் சுருள்கள் செய்த அதே வகை. தேய்த்து முகர்ந்தால் கற்பூரம் மணக்கும். எபோனைட்டில் கருப்பு, சிவப்பு, இரண்டும் கலந்த மரவரிகள் என்று சில நிறங்களே முடிந்தன. செல்லுலாய்டு வந்தபின்தான் பச்சைப் பளிங்கும் முத்துச் சிப்பி மினுக்கும் பேனாவுக்கு வந்தன. அமெரிக்காவின் ஷெஃபர் 1924இல் இதைப் பெரிய அளவில் பேனாவுக்குக் கொண்டுவந்தது. பார்க்கர் 1921இல் ஏழு டாலர் விலைக்கு வெளியிட்ட பெரிய சிவப்பு டியோஃபோல்ட் எபோனைட்டால் ஆனது. சில ஆண்டுகளில் அதே வடிவம் செல்லுலாய்டுக்கு மாறிவிட்டது. வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று; தேய்த்து முகர்ந்தவருக்கு ஆண்டு பிரிந்துவிடும். செல்லுலாய்டுக்கு ஆகாதவை அசிட்டோனும் ஸ்பிரிட்டும் நெருப்பும். 'சூட்டு ஊசியால் தொட்டுப் பார்' என்று பழைய புத்தகங்கள் சொல்லும் சோதனையை யாரும் செய்யாதிருக்க வேண்டும். இந்தப் பொருள் குப்பென்று பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும், தொட்ட இடத்தில் வடு நிலைத்துவிடும்.

மூன்றாவது கேசின். பாலில் இருந்து எடுத்த புரதத்தை ஃபார்மலினில் கடினப்படுத்தியது. 1890களின் இறுதியில் ஜெர்மனியில் பிறந்து, பிறகு இங்கிலாந்தில் பொத்தானுக்கும் பேனாவுக்கும் பெரிய அளவில் பயன்பட்டது. கான்வே ஸ்டுவர்ட்டின் கண்ணைப் பறிக்கும் வண்ணப் பேனாக்களில் பல கேசின்தான். மெருகு ஆழமாக, கொம்பின் வழவழப்போடு இருக்கும். நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் படர்ந்திருக்கலாம். தண்ணீர் இதற்குப் பரம எதிரி. ஓரிரவு ஊறவைத்தால் உப்பி, நெளிந்து, மரை மரையோடு சேராமல் போகும். உலர்ந்த பிறகும் பழைய வடிவம் திரும்பாது. வண்ணப் பேனாவைப் பார்த்ததும் செல்லுலாய்டு என்று எண்ணித் தண்ணீரில் போட்டு அழிந்த கேசின் பேனாக்கள் எத்தனையோ. ஐயம் இருந்தால் மூன்றுக்கும் பொதுவான ஒரே விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: நிப் இருக்கும் கழுத்துப் பகுதியைத் தவிர உடலில் தண்ணீர் படக் கூடாது.

உடலில் பக்கவாட்டு இணைப்புக் கோடு ஒன்று வால் வரை ஓடினால் அது அச்சில் வார்த்த பிற்காலப் பிளாஸ்டிக். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சூடு மட்டும் ஆகாது.

அடுத்து மை எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் தலைமுறைப் பேனாக்களில் கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடிச் சொட்டுக்குழாயால் நேரே உடலுக்குள் மை விடுவார்கள். 1884இல் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமை மை நிரப்புவதைப் பற்றியதல்ல, நாக்கைப் பற்றியது. மை கீழே இறங்கவும் அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏறவும் நுண்ணிய பிளவுகள் அறுத்த நாக்கு அது. இன்றைய மைப்பேனாவும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. நிரப்பும் முறையில் போட்டி அதன்பின் வந்தது. ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரின் காங்க்லின், உடலிலிருந்து பிறைவடிவில் துருத்தி நிற்கும் தகட்டை அழுத்தி ரப்பர் பையை நசுக்க வழி செய்தது. 1905இல் டி லா ரூ வெளியிட்ட ஓனோட்டோ, வாலைத் திருகி இழுத்து உள்ளே தள்ளினால் வெற்றிடம் உண்டாகி ஒரே மூச்சில் மை உறிஞ்சும் பேனா. அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷெஃபர் 1908இல் லிவருக்குக் காப்புரிமை பெற்றார். உடலின் பக்கத்தில் சிறு நெம்புகோல்; அதைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர் பையை அழுத்தும். இந்த எளிமை எல்லோருக்கும் பிடித்தது, காப்புரிமையோ ஒருவரிடம் இருந்தது. ஆகவே மற்றவர்கள் லிவரைப் பொருத்த வேறு வேறு வழி தேடினார்கள். பெயரில்லாப் பேனாவைத் தேடுகிறவருக்கு இது பெரிய உதவி. லிவர் குறுக்கே குத்திய ஓர் ஊசியில் ஆடுகிறதா, உள்ளே பதிந்த கம்பி வளையத்தில் மாட்டியிருக்கிறதா, 1915இல் வாட்டர்மேன் செய்ததைப் போல ஒரு சிறு உலோகச் சட்டத்துக்குள் அமர்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும். கிளிப்பை யாரும் யாரிடமும் வாங்கலாம். லிவர் பொருத்தும் முறை தொழிற்சாலையின் எந்திரத்தோடு பிணைந்தது, எளிதில் மாறாது. பெயரில்லாப் பேனாவில் எனக்குக் கிடைக்கும் மிக நம்பகமான கையெழுத்து அதுதான்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம்: 1929இல் பெலிகன் திருகு பிஸ்டனோடு வந்தது, 1933இல் பார்க்கர் வேக்குமாட்டிக், 1948இல் பார்க்கர் 51க்குள் ரப்பர் இல்லாத நெகிழ் பிளாஸ்டிக் பை. இந்த ஏற்பாடுகள் சிக்கலானவை, செலவு மிக்கவை. பெயரில்லாப் பேனாவில் இவற்றைச் சந்திப்பது அரிது.

எழுத்து அறவே இல்லை என்று தோன்றும் உடலிலும் எழுத்து இருக்கலாம். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வதைப் போலச் சாய்வெளிச்சத்தில் பேனாவை மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முகப்பவுடரை விரல்நுனியில் தொட்டு லேசாகத் தடவினால் பள்ளத்தில் தங்கும். நிழற்படம் எடுத்தபின் மென்துணியால் துடைத்துவிடலாம். இப்படி மீளும் எழுத்துகளில் மிகப் பயனுள்ளவை எண்கள். அமெரிக்கக் காப்புரிமை எண் 1911 ஆகஸ்டில் பத்து லட்சத்தைத் தொட்டது, 1935 ஏப்ரலில் இருபது லட்சத்தை. ஆகவே 1 என்று தொடங்கும் ஏழிலக்க அமெரிக்க எண் இருந்தால் அந்தக் காப்புரிமை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. பிரிட்டனில் 1916க்கு முன் ஆண்டுதோறும் எண் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும், ஆண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். 1916 முதல் 1,00,001 என்று தொடங்கித் தொடர்ச்சியாக ஓடுகிறது. ஜெர்மன் பேனாவில் 'டி.ஆர்.பி.' என்று மூன்று எழுத்து இருந்தால் அது 1945க்கு முந்தைய ரைஷ் காப்புரிமையைச் சொல்கிறது. பிரிட்டிஷ் பேனாவில் தங்க அல்லது வெள்ளி வளையம் இருந்து, அதில் சோதனைச்சாலை முத்திரை இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிறுத்தைத் தலை என்றால் இலண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து ஆண்டையே சொல்லிவிடும். ஆனால் காப்புரிமை எண்ணுக்கும் முத்திரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முத்திரை அந்த வளையம் சோதிக்கப்பட்ட காலத்தைக் காட்டுகிறது. காப்புரிமை எண், 'இதற்கு முன் இல்லை' என்பதை மட்டுமே காட்டுகிறது. அதே எண்ணைத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே போயிருக்கின்றன.

பழைய உரிமையாளரின் பெயரோ பரிசளித்த நாளோ உடலில் வெட்டியிருந்தால் அதையும் சாட்சியாகவே கொள்ள வேண்டும். அதைத் தேய்த்து அழித்தால் பேனா புதிதாகத் தெரியும் என்று நினைக்கிறவர்கள், ஆண்டு பொறித்த ஒரே ஆவணத்தைக் கையாலேயே அழிக்கிறார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பேனாக்களில் ஒரு பெரும் பகுதி இந்த வெளிநாட்டு வரிசையிலேயே சேராதவை. பருத்த கருப்பு எபோனைட் உடல், லிவர் இல்லை, பொத்தான் இல்லை, கழுத்தைத் திருகி மை விட வேண்டியதுதான். இவை கடைசல் பட்டறையில் கையால் கடைந்தவை. இந்த மரபின் அறியப்பட்ட தொடக்கங்களில் ஒன்று ஆந்திரத்து ராஜமுந்திரி. அங்கே கே. வி. ரத்னம் 1930களின் தொடக்கத்தில் சுதேசிப் பேனாவைச் செய்தார். அவர் செய்த பேனா காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, தஞ்சாவூரில் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா வழியாக. அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர் குமரப்பா. பேனாவை எழுதிப் பார்த்த காந்தி 1935 ஜூலையில் ரத்னத்துக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி அத்தனை சிந்தித்த ஒருவர் ஒரு பேனாவைத் தூதுபோல் எடுத்துச் சென்றார் என்பது இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒதுக்கிவிடக்கூடிய துணுக்கு அல்ல. பேனா அன்று இறக்குமதிப் பொருள். படித்த வகுப்பின் சட்டைப்பையில் நாள்தோறும் குத்தியிருந்த அயல்நாட்டுச் சரக்கு. அதை உள்ளூர்க் கடைசல்காரர் செய்ய முடியும் என்று காட்டுவதில் அரசியல் இருந்தது.

சொட்டுக்குழாய்ப் பேனாவை மேற்கு கைவிட்ட பிறகும் இந்தியப் பட்டறைகள் ஏன் விடவில்லை என்பதற்குப் பேனாவே விடை சொல்கிறது. ரப்பர் பை வேண்டாம், அழுத்தும் தகடு வேண்டாம், லிவருக்கு உடலில் துளை வெட்ட வேண்டாம். எபோனைட் தண்டும் லேத்தும் கைத்திறனும் போதும். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும் ரப்பர் பாகம் எதுவும் உள்ளே இல்லை. உடல் முழுவதுமே மைக்கூடு என்பதால் நாள் முழுக்க எழுதும் குமாஸ்தாவுக்கு நடுவில் மை தீராது. இன்றும் திருவள்ளூர் ரங்கா போன்ற பட்டறைகளில் எபோனைட் பேனா கையால் கடையப்படுகிறது.

இந்தப் பேனாக்களை அடையாளம் காண மரையைத்தான் பார்க்க வேண்டும். கையால் வெட்டிய மரை ஒவ்வொரு பேனாவுக்கும் சற்று வேறுபடும். ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக ஏறாது. மூடிக்குள் விளக்கடித்துப் பார்த்தால் உளி ஓடிய வட்டக்கோடுகள் தெரியும். நிப் இங்கே எதையும் நிரூபிக்காது. வெளிநாட்டு நிப்பைப் போட்டுக் கடைந்தவர்களும் உண்டு. சாத்தூர் போன்ற ஊர்களில் குடிசைத் தொழிலாகச் செய்த எஃகு நிப்பைப் பிற்காலத்தில் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பட்டறைக்காரர் பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. விற்ற கடையின் பெயர் இருந்தால் அது கடையின் பெயர் மட்டுமே. 'தென்னிந்தியக் கைக்கடைசல், எபோனைட், செய்தவர் தெரியவில்லை' என்ற குறிப்பு இத்தகைய பேனாவுக்கு முழுமையான, மரியாதையான அடையாளம். ஆதாரம் இல்லாமல் அதற்குப் புகழ்பெற்ற பட்டறை ஒன்றின் பெயரைச் சூட்டுவது அந்தப் பட்டறைக்கும் நியாயம் இல்லை, பெயர் தெரியாமல் போன கடைசல்காரருக்கும் நியாயம் இல்லை.

இனிப் பழுது பார்ப்பது. லிவர் பேனா ஒன்றை எடுத்துக்கொள்வோம், பெயரில்லாதவற்றில் மிகுதியாகக் கிடைப்பது அதுதான். முதல் தவறு லிவரைத் தூக்கிப் பார்ப்பது. உள்ளே ரப்பர் பை கல்லாக இறுகியிருக்கும். தூக்கினால் லிவர் வளையும், அல்லது துளையின் ஓரத்தில் உடல் விரியும். கழுத்தைக் கழற்றியபின் லிவரைத் தொட்டால் போதும். கழுத்து பெரும்பாலும் மரையில்லாமல் இறுக்கமாகச் செருகப்பட்டது; சிலவற்றில் மரை உண்டு. ஆகவே இழுக்காமல், முறுக்கிக்கொண்டே மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு உலர்ந்த சூடு வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே காட்டலாம். கையால் பிடிக்க முடியாத சூடு பேனாவுக்கும் ஆகாது. வரவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி காட்ட வேண்டும். இடுக்கியை நேரே வைத்தால் வடு நிச்சயம். ரப்பர் துண்டு சுற்றிய கையே போதுமானது. இந்தக் கட்டத்தில் அவசரப்படுவதால் உடைந்த பேனாக்கள்தான் மற்ற எல்லாக் காரணங்களாலும் உடைந்தவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

உள்ளே பை நொறுங்கித் தூளாகவோ பிசினாகவோ இருக்கும். தூளைக் கொட்டி, ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். அழுத்துத் தகடு துருவேறியிருந்தாலும் வளையும் தன்மை இருந்தால் மாற்ற வேண்டாம். புதிய பையின் அளவு ஓர் அங்குலத்தின் 64 பங்கில் சொல்லப்படும். 16 என்றால் கால் அங்குலக் குறுக்களவு. உடலுக்குள் உரசாமல் போகக்கூடியதில் பெரிய அளவைத் தேர்ந்து, வால் முனையில் சிறிது இடம் விட்டு வெட்ட வேண்டும். கழுத்தின் பின்முனையில் ஒட்டுவதற்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. நூறாண்டாக உலகமெங்கும் பேனாப் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்திய அந்த அரக்குக்குப் பெரும் ஊற்று இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சிதான். உடனடிப் பசைகள் இதைவிட வலுவானவை. அதனாலேயே அவை தவறானவை. ரப்பர் பை என்றாவது மறுபடி கெடும், அன்று யாரோ ஒருவர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். அரக்கு லேசான சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். பசை விட்டுக்கொடுக்காமல் கழுத்தையே உடைக்கும். ஒட்டியதை ஓரிரவு உலரவிட்டு, பையின் மேல் மணமற்ற டால்க் பூசி உள்ளே செருகினால் லிவர் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

சொட்டுக்குழாய்ப் பேனாவுக்கு இதெல்லாம் இல்லை. மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவு நிற்கும். பேனாவில் பாதிக்கும் குறைவாக மை இருக்கும்போது கையின் சூட்டில் உள்ளே காற்று விரிந்து நிப்பில் மைத்துளி திரளும். இது கோளாறு அல்ல, அந்த வகையின் இயல்பு. நிரம்பவே மை வைத்திருந்தால் குறையும்.

நிப்பையும் நாக்கையும் கழற்றாமலே சுத்தம் செய்ய முடிந்தால் கழற்றக் கூடாது. குளிர்ந்த தண்ணீரைக் கழுத்தின் வழியே பலமுறை செலுத்தினால் காய்ந்த மை பெரும்பாலும் கரைந்து வரும். வராவிட்டால் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் வீட்டு அம்மோனியா சேர்க்கலாம். கேசின் கழுத்தானால் அதுவும் வேண்டாம். நிப்பின் நுனியில் உள்ள சிறு மணி தங்கம் அல்ல, இரிடியம், ஆஸ்மியம் வகை உலோகங்களின் கடினக் கலவை. அதை உப்புத்தாளில் தேய்த்து 'வழவழப்பாக்க' முயல்பவர்கள் திரும்பி வராத ஒன்றைத் தேய்க்கிறார்கள். கீறல் பெரும்பாலும் மணியில் இருக்காது. நிப்பின் பிளவுக்கு இருபுறமும் உள்ள இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால் வரும். உருப்பெருக்கியின் கீழ் விரல்நகத்தால் ஒன்றை மயிரிழை அழுத்தினால் சரியாகிவிடும்.

பழுப்பேறிய எபோனைட்டை மறுபடி கருப்பாக்க வேண்டுமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. சாயம் பூசுவோர் ஒருபுறம், உப்புத்தாளால் மேற்பரப்பைக் கழிப்போர் மறுபுறம். கழித்தால் உண்மையான கருப்பு அடியிலிருந்து வரும் என்பது மெய். ஆனால் பழைய எபோனைட் பேனாக்களின் உடலில் எந்திரத்தால் வெட்டிய அலைவரிகள் மிக ஆழமற்றவை. பெயர்ப் பொறிப்பு அதைவிட ஆழமற்றது. கருப்பு மீளும்போது இவை போய்விடும். பெயருள்ள பேனாவில் இது இழப்பு. பெயரில்லாப் பேனாவில் இது தீர்ப்பையே கலைப்பது, ஏனென்றால் அந்த அலைவரியின் இடைவெளி, வரிகள் தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகியவைதான் எந்தத் தொழிற்சாலையின் எந்திரம் என்று சொல்ல எஞ்சியிருப்பவை. சாயம் அந்த அளவு கொடியதல்ல, எனினும் மூடி மறைத்த கருப்புக்கும் வெளிப் பழுப்புக்கும் இடையிலான கோட்டை அது மூடிவிடுகிறது. மூடி அந்த உடலுக்கே உரியதா என்று சோதிக்க அந்தக் கோடு வேண்டும். நான் பழுப்பை அப்படியே விடும் பக்கம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மையைப் பற்றி ஒரே சொல்: ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் எந்த மைப்பேனாவுக்குள்ளும் போகக் கூடாது. அதில் உள்ள கரித்துகளும் பிசினும் நாக்கின் பிளவுகளில் உறைந்துவிடும். சாதாரணக் கழுவக்கூடிய நீல மை போதும்.

பழுது முடிந்த பேனாவுக்கு ஓர் அட்டை எழுதி வைக்க வேண்டும். உடலின் பொருள், மூடியோடும் மூடியில்லாமலும் நீளம், லிவர் பொருத்திய முறையின் வரைபடம், அலைவரியின் படம், மரைச் சுற்றுகளின் எண்ணிக்கை, நிப்பில் உள்ள எழுத்துகள், மாற்றிய பாகங்கள், மாற்றாமல் விட்ட பாகங்கள். 'இங்கிலாந்தாக இருக்கலாம்' என்பதும் அதில் வரலாம், ஏன் அப்படி என்ற காரணத்தோடு. இப்படி எழுதிய அட்டைகள் பத்து இருபது சேரும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஒரே வகை வளையத்தில் ஆடும் லிவர், ஒரே இடைவெளியில் ஓடும் அலைவரி, ஒரே எண்ணிக்கையில் மரைச் சுற்று கொண்ட இரண்டு பேனாக்கள் அகப்படும். அவற்றில் ஒன்றில் எழுத்தே இருக்காது. மற்றதில் ஏதோ ஓர் எழுதுபொருள் கடையின் பெயரும் ஒரு காப்புரிமை எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் விண்ணப்பித்தவர் பெயர் கிடைக்கும். அவர் தொழிற்சாலை முதலாளியா, கடைக்காரரா, வெறும் கண்டுபிடிப்பாளரா என்பதை அதன்பின் தனியே தேட வேண்டும்.